வாக்களிப்பு நிலையத்தில் கைத்தொலைபேசித் தடை: ஜாமர் பூட்டினால் போதாதா?

கடந்த தேர்தலில் மட்டக்களப்பில் எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு தம்பி கேட்டார்: "ஏன் அண்ணன், போனை வெளியில வைக்கச் சொல்லிக் கத்துறதை விட, சிறைச்சாலையில மாதிரி இங்கேயும் ஒரு ஜாமரைப் பூட்டினால் என்ன?" நல்ல கேள்வி. பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதி. வாக்களிப்பு நிலையத்துக்குள் கைத்தொலைபேசியைப் பயன்படுத்துவதும் படமோ வீடியோவோ எடுப்பதும் தடை. இந்தத் தடையின் குறி அழைப்பு அல்ல, கமரா. பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகு அந்தக் கட்சி வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்களையும் அடையாளமிடுகிறோம். வாக்குக்குக் காசு கொடுப்பவருக்கு, தன் இலக்கத்துக்குத்தான் போட்டீர்களா என்று தெரிய வேண்டும். மறைப்புக்குப் பின்னால் எடுத்த ஒரு படம் அவருக்கு ரசீது மாதிரி. படம் கிடைக்காது என்றால் அவர் கொடுத்த காசுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஜாமர் என்ன செய்கிறது? போனும் டவரும் பேசும் அதே அலைவரிசையில் இரைச்சலை அனுப்புகிறது. டவரின் குரல் அந்த இரைச்சலில் அமுங்கிப்போக, சிக்னல் விழுந்துவிடும். ஆனால் கமராவுக்குச் சிக்னல் தேவையில்லை. படத்தை எடுத்துக்கொண்டு வந்து, பள்ளிக்கூட கேற்றைத் தாண்டியதும் அனுப்பிவிடலாம். எதைத் தடுக்க வேண்டுமோ அதை ஜாமர் தொடவே இல்லை.

இன்னொன்று, அந்த இரைச்சல் மதிலோடு நிற்காது. எங்கள் வாக்களிப்பு நிலையங்கள் பெரும்பாலும் வீடுகளுக்கு நடுவில் உள்ள பாடசாலைகள். படுவான்கரைக் கிராமங்களில் வெயிலில் வரிசையில் நிற்கும் ஒரு அம்மா மயங்கி விழுந்தால், 1990 அம்புலன்சுக்கு எப்படி எடுப்பது? உள்ளே தகராறு வந்தால் பொலிசின் 119 க்கும் அதே கதிதான். இதையெல்லாம் நினைத்தால் ஜாமர் எனக்குப் பயமாகவே இருக்கிறது. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், அலை வெளியிடும் கருவியை உரிமம் இல்லாமல் யாரும் வைத்திருக்கவும் முடியாது. கட்சிக்காரர் ஒருவர் தானாகக் கொண்டுவந்து வைப்பது குற்றம்.

சரி, எண்ணும் இடத்தில்? இந்தியாவில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் இருக்கும் அறைகளுக்கு ஜாமர் கேட்ட கட்சிகள் உண்டு. நமக்கு இயந்திரமே இல்லை. கடதாசிச் சீட்டைக் கட்சிகளின் முகவர்கள் பார்த்திருக்கக் கையால் எண்ணுகிறார்கள். எந்த அலையும் ஒரு புள்ளடியை இடம் மாற்றாது. பெட்டியை மாற்றலாம், சீட்டைக் கூட்டிக் குறைக்கலாம் என்ற பயம்தான் நியாயமானது. அதற்கான காவலும் சட்டத்தில் இருக்கிறது. வாக்களிப்புத் தொடங்குமுன் வெறும் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். முடிந்ததும் முகவர்கள் தங்கள் முத்திரையையும் இடலாம். பயன்படுத்திய சீட்டு, மிஞ்சிய சீட்டு என்று கணக்கு எழுதப்படுகிறது. முகவராகப் போகிறவர் பெட்டி மூடும்வரை அங்கேயே இருந்து இவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். சோற்றுப் பார்சலுக்காகக் கூட எழுந்து போய்விடாதீர்கள்.

வாக்களிக்கப் போகும்போது போனை வீட்டில் வையுங்கள், அல்லது கூட வந்தவரிடம் கொடுங்கள். படம் எடுத்துவரச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், உள்ளே போனில் படம் எடுக்க விடமாட்டார்கள் என்றே சொல்லுங்கள், அது உண்மையும்கூட. வாக்குக்குக் காசு கொடுப்பது போலவே வாங்குவதும் குற்றம். முறைப்பாட்டை நிலையத்துக்குள் சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலரிடமோ, வெளியே பொலிசிடமோ மாவட்டத் தேர்தல்கள் அலுவலகத்திலோ கொடுக்கலாம்.