ஆறாத புண்ணும் உறிஞ்சும் கருவியும்

சிங்கப்பூரின் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை 2016-இல் அறிவித்தது. இங்கு இந்தியர்களிடையே அந்நோய் கூடுதலாகக் காணப்படுவதால், பாதத்தில் தோன்றி மாதக்கணக்கில் ஆறாமல் நிற்கும் புண் நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் புதிதன்று. அத்தகைய புண்ணுக்கு மருத்துவமனைகளில் அளிக்கப்படும் சிகிச்சைகளுள் ஒன்று, எதிர்மறை அழுத்தச் சிகிச்சை.

முதலில் புண்ணிலுள்ள இறந்த திசுவை வெட்டி நீக்குகிறார்கள். பின்னர், பள்ளத்தின் அளவுக்கு வெட்டிய பாலியூரித்தேன் நுரைப்பஞ்சை அதில் வைத்து, மேலே ஒளி ஊடுருவும் ஒட்டுப்படலத்தைக் காற்றுப் புகாதவாறு ஒட்டி, படலத்தில் இட்ட துளையின் வழியே பம்ப்பின் குழாயை இணைக்கிறார்கள். பம்ப் ஓடத் தொடங்கியதும் பஞ்சு சுருங்கி இறுகுகிறது. வழக்கமான அளவு, வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட 125 மில்லிமீட்டர் பாதரசம் குறைவு. அதாவது, ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைப்பு. அமெரிக்காவில் மோரிக்வாஸ், அர்ஜென்டா ஆகியோர் பன்றிகளிடம் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்தே இந்த எண் பரவலாயிற்று.

பஞ்சு சுருங்கும்போது புண்ணின் ஓரங்கள் உள்நோக்கி இழுபடுகின்றன. கசியும் நீர் தேங்காமல் வெளியேறுவதால் வீக்கம் தணிகிறது, ஈரப்பதமோ காக்கப்படுகிறது. இவற்றைவிட வியப்பானது கண்ணுக்குத் தெரியாத மாற்றம்: பஞ்சின் நுண்துளைகளுக்குள் புண்ணின் மேற்பரப்பு சிறிதளவு இழுக்கப்படும்போது, அந்த இழுவிசையை உணரும் உயிரணுக்கள் பெருகத் தூண்டப்படுகின்றன; புதிய நுண்ணிய இரத்தக்குழாய்கள் முளைத்து, சிவந்த புதுத்திசு அடியிலிருந்து எழும்புகிறது.

கட்டிலருகே நிற்கும் பெரிய கருவிக்குப் பதிலாக மின்கலத்தில் இயங்கும் சிறிய கருவி வந்ததால், நோயாளி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கழிவறைக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் செல்லலாம். நிலைமை இடங்கொடுத்தால் வீடு திரும்பியும் சிகிச்சையைத் தொடரலாம். சில வகைகளில் உறிஞ்சிய நீர் சேரும் குப்பியே கிடையாது. கட்டே நீரை உறிஞ்சி, அதன் பெரும்பகுதியைப் படலத்தின் வழியே ஆவியாக வெளியேற்றிவிடும். அவை கசிவு குறைந்த புண்களுக்கே பொருந்தும்.

என் பார்வையில் பம்ப்பைவிட அந்த ஒட்டுப்படலமே முதன்மையானது. விரலிடுக்கில் அது சற்றே விலகினாலும், நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையால் தளர்ந்தாலும் அழுத்தம் நிலைக்காது, கருவி ஒலியெழுப்பும். உறிஞ்சல் இரண்டு மணி நேரத்துக்குமேல் நின்றுபோனால் கட்டை அகற்றி மாற்ற வேண்டும், ஏனெனில் ஈரம் தேங்கிய பஞ்சு கிருமிகளுக்கு வசதியான இடமாகிவிடும். நுரைப்பஞ்சுக் கட்டைப் பொதுவாக இரண்டு, மூன்று நாள்களுக்கு ஒருமுறை மாற்றும் தாதியர், உள்ளே வைத்த துண்டுகளின் எண்ணிக்கையைக் கட்டின் மேலேயே எழுதி வைப்பார்கள். ஒரு துண்டு மறந்து உள்ளே தங்கினாலும் புண் ஆறாது.

புற்றுநோய் உள்ள புண், சிகிச்சை பெறாத எலும்புத் தொற்று, வெளியே தெரியும் இரத்தக்குழாய் ஆகியவை இருந்தால் இக்கருவியைப் பயன்படுத்தக் கூடாது. காலுக்கு இரத்தம் சரிவரப் பாயாவிட்டால் முதலில் அடைப்பைச் சரிசெய்ய வேண்டும். பள்ளம் நிரம்பிப் புதுத்திசு தோல்மட்டத்தை எட்டியதும் கருவியைக் கழற்றி, தோல் ஒட்டு வைப்பதா சாதாரணக் கட்டே போதுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.