ஒருவர் ஊக்கமருந்தில் பிடிபட்டால் அணியின் வெற்றி செல்லுமா?

திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில் ஓர் இறுதிப்போட்டி முடிந்து கிண்ணமும் கொடுத்தாகிவிட்டது. மூன்று கிழமை கழித்து, வென்ற அணியின் ஒருவருடைய சிறுநீரில் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்ததாக அறிவிப்பு வருகிறது என்று வையுங்கள். தோற்ற கழகம் கிண்ணத்தைக் கேட்கும். கேட்பதில் நியாயம் இருப்பதுபோலவும் தெரியும். ஆனால் உலக ஊக்கமருந்து தடுப்பு முகவரகமான வாடாவின் விதிக்கோவைப்படி, ஒருவர் பிடிபட்டதற்காக மட்டும் உதைபந்தாட்ட முடிவு மாறாது. பரிசோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்தால் இதன் காரணம் புரியும்.

யாரைப் பரிசோதிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கியும் எடுப்பார்கள், சந்தேகத்தின் பேரில் குறிவைத்தும் எடுப்பார்கள். அறிவித்தல் கொடுத்த நிமிடத்திலிருந்து அந்த வீரரை விட்டு ஒரு கண்காணிப்பாளர் விலகமாட்டார். பரிசோதனை அறையில், பொதி பிரிக்காத பல கோப்பைகளிலிருந்து ஒன்றை வீரரே தெரிவு செய்வார். மேற்சட்டையை நெஞ்சளவுக்கு உயர்த்தி, காற்சட்டையை முழங்காலுக்கு இறக்கி, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியபின், அதே பாலினத்தைச் சேர்ந்த அதிகாரி நேரே பார்க்கச் சிறுநீர் கழிக்கவேண்டும். குறைந்தது 90 மில்லிலீற்றர் தேவை. அதில் 30 மில்லிலீற்றரை முதலில் ‘பி’ போத்தலிலும், 60 மில்லிலீற்றருக்குக் குறையாமல் ‘ஏ’ போத்தலிலும் வீரரே ஊற்றி மூடுவார். ஒருமுறை மூடினால் உடைக்காமல் திறக்கமுடியாத மூடி அது. கோப்பையில் மிஞ்சும் சில துளியில் அடர்த்தி பார்ப்பார்கள்: 1.005க்குக் குறைந்தால் நீர்த்த மாதிரி, இன்னொன்று தரவேண்டும்.

நம்முடைய வெயிலில் சிக்கலே இங்குதான். தொண்ணூறு நிமிடம் ஓடி வியர்த்தவருக்கு உடனே 90 மில்லிலீற்றர் வராது. வந்த கொஞ்சத்தை முத்திரையிட்டு வைத்துவிட்டு மீதிக்குக் காத்திருக்கவேண்டும். அவசரப்பட்டு இரண்டு போத்தல் தண்ணீரை மடமடவென்று குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போய், அந்த அறையிலேயே இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கவேண்டி வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதுதான் வழி. கடைசி ஏழு நாளில் எடுத்த எல்லா மருந்தையும் படிவத்தில் எழுதவேண்டும். ஆய்வுகூடத்துக்குப் பெயர் போகாது, போத்தலின் இலக்கம் மட்டுமே போகும். இலங்கையில் வாடா அங்கீகரித்த ஆய்வுகூடம் இல்லாததால் மாதிரி கடல் கடந்துதான் போகவேண்டும்.

அங்கே திணிவுமானிகள், அதாவது மூலக்கூறுகளை அவற்றின் எடையால் பிரித்தறியும் கருவிகள், ‘ஏ’ மாதிரியில் நூற்றுக்கணக்கான பொருட்களைத் தேடும். பெரும்பாலான பொருட்களுக்கு எல்லை அளவே கிடையாது. ஒரு மில்லிலீற்றரில் நனோகிராமுக்கும் குறைவாக இருந்தாலும் குற்றம்தான். எபெட்ரின் என்ற தூண்டல் மருந்து போன்ற சிலவற்றுக்குத்தான் எல்லை உண்டு, எபெட்ரினுக்கு அது மில்லிலீற்றருக்கு 10 மைக்ரோகிராம். ஒரு பொருள் உடலில் இருக்கிறது என்பதை இந்தக் கருவி உறுதியாகச் சொல்லும். எப்போது போனது, அந்தப் போட்டியில் கால் வேகத்தைக் கூட்டியதா என்பதைச் சொல்லாது. தசை வளர்க்கும் நன்ட்ரோலோன் ஊசியின் தடயம் மாதக்கணக்கில் சிறுநீரில் வந்துகொண்டிருக்கும். தூண்டல் மருந்தோ சில நாட்களில் போய்விடும். உடலில் நீரை வெளியேற்றும் பியூரோசமைட் வேகத்தையே கூட்டாது, வேறு மருந்தை மறைக்க உதவும் என்பதற்காகத் தடைசெய்யப்பட்டது. அயக்ஸ் கோல்காப்பாளர் ஒனானா மனைவியின் மாத்திரையைத் தவறுதலாக எடுத்து அதில்தான் மாட்டினார். ஒரு வருடத் தடை 2021இல் மேன்முறையீட்டில் ஒன்பது மாதமானது.

நூறு மீற்றர் ஓட்டத்தில் இந்தக் கேள்வி எழுவதில்லை. தனிநபர் விளையாட்டில், போட்டியின்போது எடுத்த மாதிரியில் குற்றம் உறுதியானால் அந்த முடிவு தானாகவே ரத்தாகும். அஞ்சலோட்டத்திலும் ஒருவரால் நால்வரும் இழப்பார்கள்: நெஸ்டா கார்டரின் 2008 பீஜிங் மாதிரியை மீண்டும் சோதித்தபோது தடைமருந்து தெரிந்தது, 2017இல் உசைன் போல்ட் உட்பட ஜமெய்க்கா அணி முழுவதும் தங்கத்தை இழந்தது. போட்டி நடக்கும்போதே ஆளை மாற்றக்கூடிய விளையாட்டுகளைத்தான் விதிக்கோவை ‘அணி விளையாட்டு’ என்கிறது. அவற்றுக்கு வேறு கணக்கு. ஒரு தொடரில் ஒரே அணியில் இரண்டு பேருக்கு மேல் குற்றவாளிகளாகக் காணப்பட்டால்தான், புள்ளி வெட்டுவதோ தொடரிலிருந்து நீக்குவதோ அணிக்குத் தண்டனையாக வரவேண்டும். இரண்டு பேர் என்றால், அந்த அணியைக் குறிவைத்து மேலும் பரிசோதிப்பார்கள்.

1994 உலகக் கிண்ணத்தில் நைஜீரியாவை 2-1 என்று வென்ற போட்டிக்குப் பின் மரடோனாவிடம் எபெட்ரின் பிடிபட்டது. அவர் வீட்டுக்குப் போனார், ஆர்ஜென்டினாவின் புள்ளிகள் நின்றன. இன்னும் கூர்மையான வழக்கு வேல்ஸுடையது. 2003 நவம்பரில் யூரோ தகுதிகாண் ஆட்டம், மொஸ்கோவில் 0-0. அன்று ரஷ்யாவின் யெகோர் டிடோவ் மேலதிக வீரராக உட்கார்ந்திருந்தார், களமிறங்கவில்லை. அன்றைய மாதிரியில்தான் புரொமன்டான் என்ற தூண்டல் மருந்து தெரிந்தது. முடிவு வருவதற்குள் நான்கு நாள் கழித்துக் கார்டிப்பில் அவர் விளையாடினார், ரஷ்யா 1-0 என்று வென்றது. வேல்ஸ் சம்மேளனம் விளையாட்டு நடுவர் மன்றம்வரை போயும் தோற்றது. ரஷ்யச் சம்மேளனத்துக்கு அதில் பங்கிருந்தது என்று காட்டினால்தான் அணியைத் தண்டிக்கலாம் என்பதே அந்த வழக்கின் முடிச்சு. வேல்ஸ் ரசிகர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்பது புரிகிறது. ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரியென்றே நாம் நினைக்கிறோம்.

அப்படியானால், பதிவில் தகுதியில்லாத வீரரை இறக்கினால் மட்டும் ஏன் 3-0 தோல்வி கொடுக்கிறார்கள்? பதிவு கழகத்தின் கையில் இருக்கிறது, போட்டிக்கு முன்பே சரிபார்க்கலாம். வீரருடைய சிறுநீரைக் கழகம் சரிபார்க்க முடியாது. அந்த 3-0கூட அக்கம்பக்கத்தைக் காயப்படுத்தாமல் போவதில்லை. 2016இல் பொலிவியா, உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்கள் இரண்டில் தகுதியில்லாத நெல்சன் கப்ரேராவை மாற்று வீரராக இறக்கியது. சிலி முறையிட்டது. சிலியுடனான 0-0 ஆட்டமும், பெருவை 2-0 என்று வென்ற ஆட்டமும் 3-0 தோல்விகளாக மாறின. சிலிக்கு இரண்டு புள்ளி கூடியது, பெருவுக்கு மூன்று. கடைசியில் இரண்டு அணியும் 26 புள்ளியில் நிற்க, கோல் வித்தியாசத்தில் பெரு முந்தி 2018 உலகக் கிண்ணத்துக்கான வழியைப் பிடித்தது, முறையிட்ட சிலி வெளியே நின்றது. முடிவை மாற்றும்போது, அந்தப் போட்டியில் விளையாடாத அணியின் தலையிலும் கை வைக்கிறோம்.

ஆய்வுகூடமும் தவறலாம், இலங்கையருக்கு இது நன்றாகத் தெரிந்த கதை. 2015 டிசம்பரில் கிரிக்கெட் வீரர் குசல் பெரேரா ஊக்கமருந்துக் குற்றச்சாட்டில் இடைநிறுத்தப்பட்டார். 2016 மே மாதம் குற்றச்சாட்டு மீளப்பெறப்பட்டது, கட்டார் ஆய்வுகூடத்தின் கண்டுபிடிப்பு நிலைக்கவில்லை. அதற்குள் இருபது ஓவர் உலகக் கிண்ணமே முடிந்துபோனது. முதல் அறிக்கையை வைத்துப் போட்டி முடிவுகளையும் மாற்றியிருந்தால் அவற்றை எப்படித் திருப்பியெடுப்பது?

இருந்தாலும் ‘இரண்டு பேருக்கு மேல்’ என்ற வேலி உயரம் கூடியது. மருந்தைக் கொடுத்தவர் கழகத்தின் வைத்தியரோ பயிற்றுநரோ என்று நிரூபிக்கப்பட்டால், பிடிபட்டவர் ஒருவரேயானாலும் அந்தப் போட்டி பறிபோகவேண்டும். அங்கே குற்றம் அணியினுடையது. 2011 மகளிர் உலகக் கிண்ணத்தில் வடகொரியாவின் ஐந்து வீராங்கனைகளிடம் ஸ்டீரொய்ட் பிடிபட்டபோது, கஸ்தூரி மானின் சுரப்பியிலிருந்து எடுத்த மருந்து என்று விளக்கம் சொன்னார்கள். பீபா நான்கு லட்சம் டொலர் தண்டம் விதித்து, 2015 தொடரிலிருந்தும் அந்த அணியை விலக்கியது.

தன் தொடருக்குக் கடுமையான விதி வைக்க ஏற்பாட்டுக் குழுவுக்கு விதிக்கோவையே இடம் தருகிறது. திருகோணமலையிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ பரிசோதனையுடன் ஒரு சுற்றுப்போட்டி நடத்துபவர்கள் இதை அணிகளைக் குலுக்கிப் பிரிப்பதற்கு முன்பே எழுதி, எல்லாக் கழகங்களிடமும் கையெழுத்து வாங்கவேண்டும். எத்தனை பேர் பிடிபட்டால் புள்ளி போகும், கழக அலுவலர் சம்பந்தப்பட்டால் என்ன, மறுபரிசோதனைக்கான ‘பி’ மாதிரி திறக்கும்வரை பரிசுப்பணத்தில் எவ்வளவு நிறுத்திவைக்கப்படும் என்பவை அதில் இருக்கட்டும்.

கழகங்களும் வீரர்களின் மருந்தைக் கேட்டுப் பதியவேண்டும். பனடோலுக்குப் பயமில்லை. தடிமன் மாத்திரை சிலவற்றில் சூடோஎபெட்ரின் இருக்கும், போட்டிக்கு ஒரு நாள் முன்னரே நிறுத்தவேண்டும். பிரெட்னிசலோன் மாத்திரையானால் மூன்று நாள். 2011இல் உபுல் தரங்கவுக்கு மூன்று மாதத் தடை வாங்கித் தந்த மருந்து இதுதான், தோள் வலிக்கு எடுத்த மூலிகை மருந்து வழியாக உடலில் சேர்ந்தது. ஆஸ்துமாக்காரர் சல்பியூட்டமோல் பம்பை எட்டு மணித்தியாலத்தில் 600 மைக்ரோகிராம்வரை, அதாவது 100 மைக்ரோகிராம் பம்பானால் ஆறு முறைவரை இழுக்கலாம். வைத்தியசாலையில் நெபுலைசரில் பிடிப்பது பொதுவாக ஒரே தடவையில் 2,500 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கும். அப்படிப் பிடிக்க நேர்ந்தால் மூச்சுத்தான் முதலில், தயங்கவே கூடாது. சிகிச்சைத் துண்டைப் பத்திரப்படுத்தி, சிகிச்சைக்கான விலக்கு அனுமதிக்கு உடனே விண்ணப்பிக்கவேண்டும்.