கடலோரக் கொல்லையில் அடுக்கு மரத்தளம்: வெயில், காற்று, உப்பு

இராமநாதபுரம் கடற்கரையில், கீழக்கரையிலோ மண்டபத்திலோ உச்சிப்புளிப் பக்கமோ ஒரு வீடு. பின்னால் கொல்லையில் மணல்தரை, இரண்டு தென்னை, ஒரு வேம்பு. பின்வாசலிலிருந்து மட்டம் மட்டமாக இறங்கும் மரத்தளம் ஒன்றை அங்கே போட நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேல்மட்டம் தரையிலிருந்து நாலடி உயரத்தில் வாசலை ஒட்டி, நடுமட்டம் ஏழெட்டுப் பேர் உட்கார, கீழ்மட்டம் தரையை ஒட்டி. கொத்தனாரைக் கேட்டால், "மரம் எதுக்குண்ணே, கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டிருவோம்" என்பார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. இந்தக் கரையில் மரத்தளத்தைக் காப்பாற்றப் பாடுபட வேண்டும். ஆனாலும் மரத்தின் பக்கம் நிற்க வலுவான காரணம் இருக்கிறது. அது உள்ளங்காலில் தொடங்குகிறது.

தெளிந்த வானத்தில் உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட். அந்த வெயிலில் ஒரு கான்கிரீட் தளமும் ஒரு மரப்பலகையும் 55 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறியிருக்கின்றன. வெறுங்காலை வைத்தால் கான்கிரீட் சுட்டுவிடும். பலகையில் நிற்க முடியும். இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். காலுக்குள் வெப்பம் பாயும் வேகம்தான் வேறு. ஒரு பொருளின் வெப்பக் கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், அது தன் வெப்பத்தை எவ்வளவு விரைவாகக் கைமாற்றும் என்பதற்கு ஓர் அளவு கிடைக்கும். மரத்துக்கு அது சுமார் 400, நம் தோலுக்குச் சுமார் 1200, கான்கிரீட்டுக்கு 1900 வாக்கில். எஃகுக்கோ 14,000 வரை போகும். இரண்டு பொருள்கள் தொடும் கணத்தில், தொடும் இடத்தின் வெப்பநிலை இந்த அளவு பெரிதாக உள்ள பொருளின் பக்கம் சாயும். 34 டிகிரியில் இருக்கும் பாதத்தை வைத்துக் கணக்குப் போட்டால், பலகையில் தோல் உணர்வது 39 டிகிரி, கான்கிரீட்டில் 47, இரும்புத் தகட்டில் 53. தோலுக்கு வலி தொடங்குவது 43 முதல் 45 டிகிரிக்குள். பலகை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், கான்கிரீட் அந்தப் பக்கம்.

இப்போது கடைகளில் மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து வார்த்த பலகைகள் கிடைக்கின்றன. கரையான் எளிதில் தொடாது, லேசில் மக்காது என்பது உண்மை. ஆனால் மரத்தைவிட அடர்த்தி அதிகம், கடத்துதிறனும் அதிகம். அடர்நிறத்தில் வாங்கினால் வெயிலில் 60 டிகிரிக்கு மேல் எளிதாக ஏறும். அந்தச் சூட்டில் கணக்கிட்டால் தோல் உணர்வது ஏறத்தாழ 44 டிகிரி. அதாவது சரியாக வலிக்கோட்டின் மேலேயே நிற்கிறது. வாங்குவதானால் வெளிர்நிறத்தில் வாங்குங்கள். சூட்டில் நீளவாக்கில் விரியும் என்பதால் நுனிகளில் சில மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

வெயிலில் காலைச் சுடும் இதே குணம் நிழலில் நமக்கு உதவும். வேம்படியில் கிடக்கும் கருங்கல் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து, பகலில் 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால், காலை வைத்ததும் நம் சூட்டை விரைவாக இழுத்துக்கொள்ளும். சில்லென்று இருக்கும். அதே வெப்பநிலையில் பலகை அவ்வளவு குளிர்ச்சியாகத் தோன்றாது. ஆகவே எல்லா மட்டத்தையும் ஒரே பொருளில் போடுவது வீண் என்பது என் கருத்து. மர நிழல் விழும் கீழ்மட்டத்தைக் கல்லிலோ செங்கல்லிலோ தாழ்ந்த திண்ணைபோலக் கட்டிவிடலாம். வெயில் படும் மேல் இரண்டு மட்டங்களுக்கு மட்டும் பலகை. கீழ்மட்டத்தில் மரம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உப்பைப் பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

மட்டங்கள் ஏன் வேண்டும்? அழகுக்கு மட்டுமா? காற்று தரையை உரசும் இடத்தில் தடைபட்டு மெதுவாகும். உயரம் கூடக் கூட வேகம் பிடிக்கும். புல் முளைத்த தரையில் கீழ்மட்டத்தில் உட்கார்ந்தவரின் நெஞ்சளவிலும், நாலடி மேலே மேல்மட்டத்தில் உட்கார்ந்தவரின் நெஞ்சளவிலும் காற்றைக் கணக்கிட்டால், மேலே கால்வாசி வேகம் கூடுதல். வியர்வை காயாத புழுக்கத்தில் அந்தக் கால்வாசி பெரிய விஷயம். சுற்றிலும் செடியும் வேலியும் இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். அப்புறம், தூண்களின் மேல் நிற்கும் தளத்துக்கு அடியிலும் காற்று ஓடும். பலகைகளுக்கு நடுவே ஐந்தாறு மில்லிமீட்டர் சந்து விட்டால், பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் தளம் ஆறிவிடும். ஐந்து அங்குலக் கான்கிரீட் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி வெகுநேரம் கக்கிக்கொண்டிருக்கும். மொட்டைமாடியில் படுத்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, நிழல். இராமநாதபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாளை ஒட்டி, பகல் 12:15 வாக்கில் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும்; குத்திவைத்த கழிக்கு நிழலே இருக்காது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து 14 டிகிரி வடக்கு. டிசம்பரில் 33 டிகிரி தெற்கு. தெற்குப் பக்கம் மட்டும் சாய்ப்பு இறக்கினால் போதும் என்று வடநாட்டு வரைபடங்களைப் பார்த்துச் செய்பவர்கள் இந்த இடத்தில் சறுக்குவார்கள். இங்கே கோடையில் வடக்கும் வெயில் திசைதான்.

இதைவிடச் சங்கடம் பிற்பகல். சித்திரையில் மூன்றரை மணிக்குச் சூரியன் 41 டிகிரி உயரத்துக்கு இறங்கியிருக்கும். இரண்டரை மீட்டர் உயரத்தில் கூரை போட்டால், அதன் நிழல் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் கிழக்கே தள்ளி விழும். மூன்று மீட்டர் அகலக் கூரையின் அடியில் அந்நேரம் நிழலே இருக்காது. மேற்கே தட்டி வேண்டும். ஆனால் வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிப்பது தென்மேற்கிலிருந்து. அடைத்துத் தட்டி கட்டினால் வெயிலோடு காற்றும் போச்சு. குறுகிய பலகைகளை நெடுக்காக நிறுத்தி, தெற்குப் பார்க்கச் சாய்த்து இடைவெளி விட்டு அடித்தால், மேற்கு வெயில் தடைபடும், தென்மேற்குக் காற்று வளைந்து உள்ளே வரும். பனைமட்டையைக் கீறி நெருக்கமில்லாமல் கட்டினாலும் இதே வேலையை ஓரளவு செய்யும்.

இனி உப்பு. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். வெயிலைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு உப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை, தளத்தைக் கொல்வதோ உப்புதான்.

அலை உடையும்போது நுரைக்குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத்துளிகளைக் காற்றில் வீசுகின்றன. இராமநாதபுரம் கரைக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம். கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிக்கும். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எல்லாம் உப்புக்காற்றில் நனையும். ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கினால் பாக் விரிகுடாப் பக்கம் கலங்கும்; அப்போது தேவிபட்டினமும் தொண்டியும் மாட்டிக்கொள்ளும். மண்டபம், பாம்பன் மாதிரி நடுவில் ஒடுங்கிய இடங்களுக்கு இரண்டு பருவமும் சொந்தம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் உலோகங்களைக் காற்றில் வைத்து அரிமானத்தை, அதாவது துருப்பிடித்து அரிபடுவதை, சோதித்துவந்ததற்கும் இந்த இடத்தின் குணமே காரணம்.

படிந்த உப்பு காய்ந்துவிட்டால் தொல்லையில்லை. அது காயாது. சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். வாலிநோக்கம் உப்பளங்களில் உப்பை வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீர் லேசில் வற்றாமல் கிடப்பதற்குப் பெரும்பங்கு காரணம் அதுதான். இந்தக் கரையில் காற்றின் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே ஓர் ஆணித்தலையில் படிந்த உப்பு மழையே இல்லாத மாசி, பங்குனியிலும் மெல்லிய உப்புநீர்ப் படலமாகவே இருக்கும். இரும்பு கரைய அந்தப் படலம் போதும்.

மேலே தெரியும் திருகாணியை வாடை மழை கழுவிவிடும். தளத்தின் அடியில் இருப்பதை எந்த மழையும் கழுவுவதில்லை. வெயிலும் படாததால் ஈரம் நீடிக்கும். அதனால்தான் மேலே புத்தம்புதிதாகத் தெரியும் தளம் அடியில் இற்றுப்போய் ஒருநாள் படியோடு இறங்கிவிடுகிறது. தரையை ஒட்டிய கீழ்மட்டத்தில் மரம் வேண்டாம் என்று சொன்னதற்கும் இதுவே காரணம்: அங்கே காற்று ஓடாது, கை நுழையாது, கழுவவும் முடியாது. மரம் போடும் மட்டங்களுக்கு அடியில் ஓர் ஆள் தவழ்ந்து போகும் இடமாவது இருக்க வேண்டும்.

துரு மரத்தையும் கெடுக்கும். ஈர மரத்துக்குள் இரும்பாணி அரிக்கும்போது ஆணியைச் சுற்றிக் காரம் உண்டாகிறது; அது மரநாரைப் பிணைத்திருக்கும் பொருளைச் சிதைக்கும். ஆணியைச் சுற்றி மரம் கறுத்துப் பஞ்சாகும். மரப்படகு கட்டியவர்கள் இதை நன்றாக அறிவார்கள். சாதாரண ஜி.ஐ. ஆணியின் துத்தநாகப் பூச்சு மெல்லியது. கடலிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்கு அது தாங்காது. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) என்று கேட்டு வாங்கினாலும் 304 ரகத்தில் செம்புள்ளிகள் விழும். 316 ரகத்தில் இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்த்திருக்கிறார்கள். உப்பிலுள்ள குளோரைடு தோண்டும் குழிகளை அது தடுக்கிறது. விலை கூடுதல்தான். மொத்தச் செலவில் திருகாணியின் பங்கு சிறியது. மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: எஸ்.எஸ். தகட்டில் சாதாரண இரும்புத் திருகாணியை முடுக்கவே கூடாது. உப்புநீர் நடுவில் இருக்க, அந்த ஜோடி ஒரு சிறு மின்கலமாகி, பெரிய தகடு சின்னத் திருகாணியை வேகமாகத் தின்றுவிடும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் கதையில் அரிமானம் கடைசிவரை கூடவே வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் பாலிசிலாக்சேன் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

கான்கிரீட்டுக்கும் இதே பாடம். தூணை மண்ணில் நேரே புதைத்தால் கரையானும் பூஞ்சையும் வரும். ஆகவே கான்கிரீட் பீடம் போட்டு, அதன்மேல் தரைக்கு அரையடி உயரத்தில் தாங்கி வைத்துத் தூணை நிறுத்த வேண்டும். அந்தப் பீடத்தை ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரில் கலக்காதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தரநிலை 456. கடலோர வெளிச்சூழலுக்குக் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் மூடு கான்கிரீட்டும் கேட்கிறது. துருப்பிடித்த கம்பி ஊதிப் பெருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். கடல்மணலை அள்ளிக் கலப்பது பற்றிப் பேசவே வேண்டாம்.

மரம் எது? சாயல்குடிப் பக்கம் நிற்கும் முதிர்ந்த பனையின் வெளிவட்டம் இரும்பு மாதிரி. பனைக்கு வலுவெல்லாம் தோலை ஒட்டிய கருநாரில். நடுச்சோறு மென்மையானது, அதை நீக்கிவிட வேண்டும். பலகையைத் தாங்கும் சட்டங்களுக்குப் பனை அருமையானது. எந்த மரமானாலும் சட்டத்தைக் குத்தவைத்து நிறுத்துங்கள்: இரண்டுக்கு ஆறு அங்குலச் சட்டம் படுத்திருப்பதைவிட நிற்கும்போது ஒன்பது மடங்கு விறைப்பு. மிதிபலகைக்குத் தேக்கு, வேங்கை. சீமைக்கருவேலத்தின் வைரம் (உள்கட்டை) கடினமானது, ஈரத்துக்கு அதிகம் விரிந்து சுருங்காது. ஆனால் நம் ஊரில் கோணலும் ஒல்லியுமாக வளர்வதால் நீளப் பலகை கிடைக்காது, படிகளுக்கு ஆகும். வார்னிஷ் பூச வேண்டாம், வெயிலில் உரிந்துவிடும். ஊறி இறங்கும் எண்ணெய் போதும், அதுவும் வெளிர்நிறத்தில். கொஞ்ச காலத்தில் பலகை சாம்பல் பூத்துவிடும். மேல்தோல்தான் அப்படி ஆகிறது. உள்ளே மரம் நன்றாகவே இருக்கும். கறுத்த எண்ணெய் பூசிய பலகையைவிட வெயிலையும் குறைவாகவே குடிக்கும்.

கழுவுவதற்குப் புரட்டாசி நல்ல சமயம்: கச்சான் ஓய்ந்திருக்கும், வாடை தொடங்கியிருக்காது. அடியில் போய், போல்ட்டுகளையும் தாங்கிகளையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். குடிநீருக்கே அல்லாடும் மாவட்டத்தில் குழாய் வைத்துப் பீய்ச்ச வேண்டியதில்லை.

கூரையைக் கழற்றிவைக்கும்படி அமைப்பது அவசியம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். விநாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்குப் பக்கம். மூன்றுக்கு நாலு மீட்டர் கூரையில் அது ஒரு டன்னைத் தாண்டுகிறது, அதுவும் மேல்நோக்கித் தூக்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வந்ததும் வாடைப் பருவத்தில்தான். அந்த மாதங்களில் வெயில் தெற்கே சாய்ந்து, மேகமும் மூடுவதால் கூரைக்குத் தேவையும் குறைவு. ஐப்பசி பிறந்ததும் கீற்றையோ துணியையோ அவிழ்த்து உள்ளே வைத்துவிட்டு, மாசியில் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.