மல்லாட்டை (நிலக்கடலை) வேர ஒரு தடவ பிடுங்கிப் பாருங்க

மண் பரிசோதனை ரிப்போர்ட்ட கையில வாங்கின உடனே கடலூர் பக்கத்து விவசாயிங்க எங்கள கேக்கறது பெரும்பாலும் ஒண்ணே ஒண்ணுதான், "சார், தழைச்சத்து குறைவுன்னு போட்டிருக்கே, எத்தன மூட்ட யூரியா போடணும்?" ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழ இருந்தா நாங்க குறைவுன்னு எழுதுவோம், கடலோர மணல், செம்மண் கொல்லை ரெண்டுமே அனேகமா அப்படித்தான் வரும். ஆனா ஒரு பெரியவர் மட்டும் ரிப்போர்ட்ட மடிச்சு சட்டப் பையில வச்சுக்கிட்டே, "அப்ப கடக்கர ஓரமா வெறும் மணல்ல சவுக்கு நிக்குதே தம்பி, அதுக்கு எவன் யூரியா போட்டான்?"னு கேட்டார். நல்ல கேள்வி. அவருக்குச் சொன்னத கொஞ்சம் விரிவா எழுதறேன்.

தழைச்சத்துன்னா நைட்ரஜன், காத்துல 78 சதவீதம் அதுதான். கணக்குப் போட்டுப் பாத்தா ஒரு ஏக்கர் நிலத்துக்கு மேல இருக்கற காத்துல மட்டும் 30,000 டன்னுக்கு மேல நைட்ரஜன் இருக்கு, ஆனா எந்தச் செடியாலயும் அத நேரா எடுத்துக்க முடியாது, ஏன்னா ரெண்டு நைட்ரஜன் அணுவும் மூணு பிணைப்பு போட்டு ஒண்ண ஒண்ணு இறுக்கிப் பிடிச்சிருக்கு. அத உடைக்கத்தான் யூரியா ஃபேக்டரிக்கு அடிப்படையான அம்மோனியா பிளாண்ட்ல 400, 500 டிகிரி சூடும் நம்ம சாதா காத்தழுத்தத்தப் போல 150 மடங்குக்கு மேல அழுத்தமும் குடுக்கறாங்க. அதே வேலைய கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா நம்ம மண்ணோட சூட்டுலயே முடிச்சிடுது. அதுங்ககிட்ட நைட்ரோஜினேஸ்னு ஒரு நொதி இருக்கு, உள்ள இரும்பும் மாலிப்டினமும் சேர்ந்து இருக்கும். ஆனா செலவு ஜாஸ்தி, ஒரு நைட்ரஜன் மூலக்கூற உடைக்க 16 ஏடிபி (உயிரணு சக்திக்குச் செலவழிக்கற மூலக்கூறு) போகும், அதோட ஆக்ஸிஜன் பட்டா அந்த நொதி கெட்டுப் போயிடும். இந்த ரெண்டு சிக்கலையும், அதாவது சாப்பாடு எங்கேருந்து வரும், ஆக்ஸிஜன எப்படித் தள்ளி வைக்கறதுன்னு, ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒவ்வொரு விதமா சமாளிக்குது.

சவுக்கு வேர்ல இருக்கறது ஃப்ராங்கியாங்கற பாக்டீரியா. வேர்ப் பக்கம் மண்ணக் கிளறினா மரக்கட்டை மாதிரி கெட்டியா கொத்துக் கொத்தா முண்டு, அதாவது வேர் முடிச்சு, இருக்கும், அதுக்குள்ள உக்காந்துதான் அது நைட்ரஜன் பிடிக்குது. நாத்தங்கால் போடறவங்க சில பேர் பழைய தோப்புலேருந்து ரெண்டு கூடை மண்ண அள்ளிட்டு வந்து புது பாத்தியில கலந்து விடுவாங்க, காரணம் கேட்டா "எங்கப்பா அப்படித்தான் செஞ்சாரு"ம்பாங்க, காரணம் இதுதான். சவுக்கு பயறு இனமே கிடையாதுங்கறதயும் சொல்லிடறேன், முடிச்சுன்னாலே பயறு வகைக்கு மட்டும்தான்னு நிறைய பேர் நெனச்சிட்டிருக்காங்க. அதுக்கு நேர்மாறா புளியும் சரக்கொன்றையும் ஆவாரையும் பயறு குடும்பம்தான், ஆனா அதுங்க வேர்ல முடிச்சு வர்றதில்ல. புங்கன், அகத்தி, கொழுஞ்சி, தக்கைப்பூண்டு, வேண்டாம்னு வெட்டித் தள்ற சீமைக்கருவேலம், இதுங்களுக்கெல்லாம் உண்டு. ஆரோவில் ஆரம்பிச்ச 1968ல அந்த மேடு மழையில அரிச்சுப் போன செம்மண் பொட்டல், அங்க மத்த மரத்துக்கு முன்னாடி பிடிச்சு வளந்ததுல ஆஸ்திரேலியாவுலேருந்து வந்த ஒரு வேல மரத்துக்கு முக்கியமான பங்கு, அதுவும் வேர்ல நைட்ரஜன் பிடிக்கற மரம்தான்.

இப்ப மல்லாட்டைக்கு வருவோம். வெதச்சு ஒரு மாசம் தாண்டி பூ எடுக்கற நேரத்துல ஒரு செடிய வெடுக்குனு இழுக்காம கொத்தால சுத்தி மண்ணத் தளர்த்தி எடுத்து, பக்கெட் தண்ணியில வேர மெதுவா அலசுங்க. பக்க வேர் கிளம்பற இடத்துல குட்டிக் குட்டி உருண்டையா ஒட்டியிருக்கும், ஏன்னா மல்லாட்டையில பாக்டீரியா நுழையறது பக்க வேர் வெளிய வர்றப்ப விழற அந்தச் சின்ன வெடிப்பு வழியாத்தான். ஒரு உருண்டைய நகத்தால ரெண்டாக் கீறுங்க. உள்ள ரோஸ் கலர்ல இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம், வெள்ளையா, பச்சையா, சாம்பலா இருந்தா முடிச்சு இருக்கு, வேலை இல்ல. அந்த ரோஸ் நம்ம ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரன், ஆக்ஸிஜன நொதி பக்கம் சேர விடாம அளந்து குடுக்கறது அதுதான். செடி சக்கரை குடுக்குது, பாக்டீரியா அம்மோனியா குடுக்குது. 1888லயே பெய்ஜெரிங்க்னு ஒரு டச்சுக்காரர் இந்த முடிச்சுலேருந்து பாக்டீரியாவத் தனியா பிரிச்சு வளத்துக் காட்டிட்டார்.

ஒரு எச்சரிக்கை, நூற்புழு விழுந்தாலும் வேர் முண்டு முண்டா வீங்கும், அதப் பாத்துட்டு "சார் சூப்பரா முடிச்சு வந்திருக்கு"ன்னு ஃபோட்டோ அனுப்பறாங்க. நல்ல முடிச்சு வேருக்குப் பக்கத்துல ஒட்டியிருக்கும், தேச்சா உதிர்ந்து வந்துடும். நூற்புழு வீக்கம் வேரே பருத்துப் போனது, தேச்சாலும் வராது.

செடி மஞ்சளாத் தெரியுதுன்னு மேலுரமா யூரியாவ வீசறதுதான் நான் அடிக்கடி பாக்கற கூத்து. மண்ணுல நைட்ரேட் தாராளமா கிடைச்சா செடி எதுக்கு சக்கரைய செலவழிச்சு பாக்டீரியாவுக்குச் சோறு போடணும்? புது முடிச்சு வர்றது குறையும், இருக்கறதும் மந்தமாயிடும். அடியுரத்துல கொஞ்சமா தழைச்சத்து குடுத்தா போதும், மணிச்சத்துல (பாஸ்பரஸ்ல) மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. புளிப்பு அதிகமான செம்மண்ணுல மாலிப்டினம் செடிக்குக் கிடைக்கறது கஷ்டம், அதனால அமிலத்தன்மையையும் ரிப்போர்ட்ல ஒரு தடவ பாத்துக்கோங்க.

"மல்லாட்டை போட்டேனே, மண்ணு ஏன் தேறல?"ன்னு கேக்கறவங்களுக்கு என் பதில் இதுதான்: பிடிச்ச நைட்ரஜன்ல பெரும்பங்கு பருப்புக்குள்ள போய் மார்க்கெட்டுக்குப் போயிடுது, மிச்சம் கொடியோட சேந்து மாட்டுக்குப் போகுது, நாம பிடுங்கறப்ப முடிச்சும் நிறைய கூடவே வந்துடுது. அந்த மாட்டுச் சாணியாவது கொல்லைக்குத் திரும்பணும். தக்கைப்பூண்டு, சணப்பைய பூக்கறப்பவே மடக்கி உழுதா கதை வேற, அங்க எதுவும் வெளிய போறதில்ல.

நெல்லு பக்கம் நீலப்பச்சைப் பாசி. வயல்ல நைட்ரஜன் பிடிக்கறதுல அதுக்குப் பங்கு இருக்குன்னு 1939லயே பி. கே. டேங்கற விஞ்ஞானி எழுதிட்டார். தண்ணியில மிதக்கற அசோலாங்கற குட்டிச் செடியோட இலைக்குள்ள இருக்கற அனபீனாவும் அந்தக் கூட்டம்தான். பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்கும் யாரும் உரம் போடல, அலையாத்திக் காட்டுச் சேத்துல காத்தே இல்லாத அந்தக் கருப்பு மண்ணுல கந்தக நாத்தத்தக் கிளப்பற பாக்டீரியாவுல சிலதும் நைட்ரஜன் பிடிக்கறதுங்கதான்.

கடையில "இந்த பாட்டில ஊத்தினா யூரியாவே வேணாம்"னு விக்கறத மட்டும் நம்பாதீங்க. அசோட்டோபேக்டர் மாதிரி தனியா மண்ணுல வாழறதுங்க தன் சாப்பாட்டத் தானே தேடிக்கணும், முடிச்சுக்குள்ள உக்காந்து சாப்பிடறது அளவுக்கு அதுங்களால பிடிக்க முடியாது. பயறு வகை வேர் முடிச்சுல வாழற பாக்டீரியாவான ரைசோபியம் பாக்கெட் வாங்கினா தேதியையும் பயிர் பேரையும் பாருங்க, உளுந்துக்கு வாங்கினத சோயாவுக்குப் போட்டு பிரயோஜனம் இல்ல. பைக் டேங்க் மேல வெயில்ல வச்சு எடுத்துட்டுப் போனா உள்ள இருக்கறது பாதி செத்துடும். பூஞ்சாண மருந்து கலக்கறதா இருந்தா அத முதல்ல கலந்து ஒரு நாள் விட்டுட்டு, அப்புறம் ஆறின அரிசிக் கஞ்சியில ரைசோபியத்தக் கொழச்சு வெதையில பூசி, அரை மணி நேரம் நிழல்ல உலர்த்தி அன்னிக்கே வெதச்சிடுங்க.