பின்சில்லுக்கும் சொக் வேணுமா? மவுண்டன் பைக் வாங்க முன்னர்

போன மாதம் ஒரு தகப்பனும் மகனும் கடைக்கு வந்தார்கள். மகன் தரம் 10. சைக்கிள் வாங்கி ஏழு மாதம்தான். முன்னுக்கும் பின்னுக்கும் சொக் வைத்த மவுண்டன் பைக். "பின்னுக்குக் கறகற எண்டு சத்தம் கேக்குது அண்ணை" என்றான். சீற்றை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பின்சில்லை இடமும் வலமும் தள்ளிப் பார்த்தேன். டக், டக். சில்லின் அச்சில் பிழை இல்லை. சில்லைப் பிடித்திருக்கும் பின்கவை மொத்தமாகவே ஆடியது.

கவையைப் பிறேமோடு பிணைக்கும் ஆணியைக் கழற்றினேன். உள்ளே இருந்த பிளாஸ்ரிக் புஷ் ஒரு பக்கம் தாள் மாதிரித் தேய்ந்திருந்தது. கறள் தூளும் செம்மண்ணும் கிறீஸும் சேர்ந்து கறுப்புக் களியாக வழிந்தது. அந்த அளவில் புஷ் எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து போட்டோம். "ரெண்டு சொக் இருந்தா நல்லது எண்டுதானே கூடக் காசு குடுத்தனான்" என்று தகப்பன் மெல்லக் கேட்டார். அவருக்குக் கடை வாசலில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முன்சில்லுக்கு மட்டும் சொக் இருந்தால் ஹார்ட்டெயில். பின்சில்லுக்கும் இருந்தால் ஃபுல் சஸ்பென்ஷன். யாழ்ப்பாணத்துக்குள் ஓடுவதற்குக் குறைந்த விலை ஃபுல் சஸ்பென்ஷன் வாங்காதீர்கள். அதே காசுக்கு ஹார்ட்டெயில் பாருங்கள். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஏன் என்றால், ஒரே விலையில் இரண்டு சைக்கிள் நிற்கும்போது, ஒன்றில் கூடுதலாக ஒரு சொக்கும் மூட்டும் இருக்கிறது. அந்தக் காசு எங்கிருந்தோ எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பிறேக்கில், ஹப்பில் (சில்லின் நடுப்பகுதியில்), முன்சொக்கில் எடுத்திருப்பார்கள். போதாததற்குப் பாரமும் ஏறக்குறைய இரண்டு கிலோ கூடும். அந்தப் பையனின் பின்சொக்கைத் துடைத்துப் பார்த்தபோது சுருளில் 1000 என்று அச்சிட்டிருந்தது. அந்தச் சுருளை ஓர் அங்குலம் அமுக்க 1000 இறாத்தல் பாரம் வேண்டும் என்பது அதன் பொருள். பையன் 46 கிலோ. சீற்றில் இருத்தி அளந்தேன். மூன்று மில்லிமீற்றர்தான் இறங்கியது. ஆள் ஏறி இருந்ததுமே பின்சொக் தன் மொத்த ஓட்டத்தில், அதாவது அது அமுங்கக்கூடிய முழுத் தூரத்தில், 25 முதல் 30 சதவீதம் இறங்கி நிற்க வேண்டும். அப்போதுதான் பள்ளம் வரும்போது சில்லு கீழே தொடரும், மேடு வரும்போது மேலே ஏறும். அவனுக்கு அது வேலை செய்யாத சொக். பாரத்தை மட்டும் ஏழு மாதம் உழக்கித் திரிந்திருக்கிறான்.

பாரமான ஆள் ஏறினால் வேறு பிரச்சினை. அமுங்கிய சுருள் திரும்பி வரும் வேகத்தைக் கட்டுப்படுத்த உள்ளே எண்ணெயும் வால்வும் வேண்டும். மலிவான சொக்குகள் பலவற்றில் வெறும் சுருள்தான். பழைய கட்டில் மெத்தை மாதிரி அது ஆளைத் தூக்கிப் போடும். ஒவ்வொரு உழக்குக்கும் சீற் மேலும் கீழும் ஆடும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய்ப் பாருங்கள்: எதிர்க்காற்று, கூடுதல் பாரம், உழக்குகிற பலத்தில் ஒரு பங்கு சுருளை அமுக்குவதிலேயே போய்விடும். அங்கே காற்றோடு வருகிற உப்பு வேறு மூட்டுகளுக்குள் போகும். உப்பும் செம்மண்ணும் சேர்ந்தால் எந்த மூட்டும் தாங்காது, அடிக்கடி கழற்றித் துடைத்துக் கிறீஸ் போட்டாலொழிய.

இன்னொன்று, எங்கள் ஊருக்கே உரியது: கரியர். பின்சொக் வைத்த சைக்கிளுக்கு வழக்கமான கரியரை ஒழுங்காகப் பூட்ட முடியாது, ஏனென்றால் பின்கவை அசைந்துகொண்டே இருக்கும். போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் விறகும் அரிசி மூட்டையும் நோயாளியும் ஏறிப் போனது கரியரில்தான். இன்றைக்கும் ரியூசன் பையும் சந்தைச் சாமானும் அதில்தான் போகின்றன. பல ஹார்ட்டெயில்களில் கரியர் பூட்டும் துளைகள் பிறேமிலேயே இருக்கும். வாங்கும்போது குனிந்து பாருங்கள்.

"அப்ப ஒழுங்கையில நாரி நோகுதே?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது ரயரை. எல்லாரும் கல்லு மாதிரிக் காற்று அடிக்கச் சொல்வார்கள். 2.1 அங்குல ரயருக்கு 60 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டு உடம்பு குலுங்குகிறது என்றால் எப்படி? 60 கிலோ ஆளுக்குக் கிரவல் பாதையில் 30 போதும், தார் ரோட்டில் 40. மிகவும் குறைத்தாலும் ஆபத்து. கல் விளிம்பில் ரியூப் நசிந்து இரண்டு ஓட்டை விழும். போன கிழமை ஒரு அக்காவின் ஹார்ட்டெயிலில் 62இலிருந்து 35க்கு இறக்கிவிட்டேன். ஒழுங்கை முனை வரை போய்த் திரும்பி வந்து, "என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார். வேறொன்றும் செய்யவில்லை. மணற்காட்டு மணலிலும் இதே கதைதான்: அங்கே சொக் உதவாது, தடித்த ரயரும் குறைந்த காற்றும்தான் உதவும்.

மவுண்டன் பைக் பிறந்ததே சொக் இல்லாமல்தான். 1970களில் கலிபோர்னியாவின் தமல்பைஸ் மலைப்பக்கம் பழைய தடித்த ரயர்ச் சைக்கிள்களில் இறங்கினார்கள். 1976இல் தொடங்கிய ஓர் இறக்கப் போட்டியின் பெயர் ரீபேக். ஒரு தடவை இறங்கி முடிப்பதற்குள் பின் ஹப்பின் பிறேக் சூடேறிக் கிறீஸ் எரிந்துவிடும், மறுபடி புதுக் கிறீஸ் அடைக்க வேண்டும். அப்படி மறுபடி அடைப்பதற்கு ஆங்கிலத்தில் ரீபேக் என்று பெயர், அதுவே போட்டிக்கும் பெயராகிவிட்டது. மெக்கானிக்குகளுக்குப் பிடித்த கதை இது.

ஆனால் ஃபுல் சஸ்பென்ஷன் வீண் என்று நான் சொல்லவில்லை. பேராதனையில் படிக்கும் தம்பி ஒருவன் ஹந்தானைச் சரிவுகளில் ஓடுகிறான். விடுமுறைக்கு வரும்போது அவனுடைய சைக்கிள் என்னிடம் வரும்; முன்னும் பின்னும் 130 மில்லிமீற்றர் ஓட்டம். வேரும் கல்லும் நிறைந்த இறக்கத்தில் ஹார்ட்டெயிலின் பின்சில்லு துள்ளும். துள்ளும் சில்லுக்கு நிலத்தில் பிடி இல்லை, பிறேக் பிடித்தால் வழுக்கும். நல்ல பின்சொக் அந்தச் சில்லை நிலத்தோடு வைத்திருக்கும். அங்கே அது பாதுகாப்பு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவி தங்கம் வென்றதும் ஃபுல் சஸ்பென்ஷனில்தான். நம்மூரில் மலை என்ற பெயர் கீரிமலைக்குத்தான் இருக்கிறது, அங்கே போனால் கேணியும் கடலும்.

அந்தத் தம்பி செய்கிற பராமரிப்பையும் கேளுங்கள். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை முன்சொக்கின் கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றுகிறோம். 200 மணிக்கு ஒருமுறை சீல் எல்லாம் மாற்றி முழுச் சேர்விஸ். சொக்குக்குக் காற்றடிக்கத் தனிப் பம் வைத்திருக்கிறான். சாமான் கொழும்பிலிருந்து வரும் வரை காத்திருக்கிறான். இவ்வளவுக்கும் காசும் பொறுமையும் இருந்து, மலைநாட்டில் அடிக்கடி ஓடவும் போகிறீர்கள் என்றால், நல்ல ஃபுல் சஸ்பென்ஷன் வாங்குங்கள். நானே கூட வந்து பார்த்துத் தருகிறேன். வருடத்துக்கு ஒருமுறை எல்லப்பக்கம் போவதற்காக வாங்காதீர்கள், அங்கே ஹார்ட்டெயிலே போதும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் சைக்கிளை எறிய வேண்டாம். மாதம் ஒருமுறை, மாரியில் கிழமைக்கு ஒருமுறை, நான் செய்த மாதிரிச் சீற்றைப் பிடித்துப் பின்சில்லை ஆட்டிப் பாருங்கள். பிறகு பின்கவையின் வெல்டிங் ஒட்டுகளை ஈரத்துணியால் துடைத்து, விரல் நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். பெயின்ற் மயிரிழை போல வெடித்து, அந்தக் கோட்டில் கறள் தெரிந்தால் அது பெயின்ற் வெடிப்பாக மட்டும் இராது, உள்ளே இரும்பும் வெடித்திருக்கலாம். அன்றைக்கு ஓட வேண்டாம், ஒருவரையும் டபிள் ஏற்றவும் வேண்டாம். உருட்டிக்கொண்டே பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள்.