ஜிக்சா, கதீட்ரல்: ஒரே பெட்டியில் இரண்டு சொற்கள்

'வின்செஸ்டர் கதீட்ரல், 1000 துண்டு ஜிக்சா' என்று, துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் ஒரு விளையாட்டுப் பெட்டியின் மேல் எழுதியிருக்கிறது. தமிழில் இதை 'வின்செஸ்டர் பேராலயம், படப்புதிர்' என்று எழுதிவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனாலும் இரண்டு சொற்களிலும் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. காரணம், ஆங்கிலத்தில் 'ஜிக்சா' ஒரு ரம்பத்தின் பெயர். 'கதீட்ரல்' ஒரு நாற்காலியிலிருந்து வந்த பெயர்.

முதலில் ஜிக்சா. 'ஜிக்' என்பது துள்ளி ஆடும் ஒரு நடனம். அதைப்போல மேலும் கீழும் துள்ளி அறுக்கும் மெல்லிய ரம்பத்துக்கு 'ஜிக்சா' என்று பெயர் வந்தது. விளையாட்டு அந்தப் பெயரைவிட மூத்தது. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற செதுக்குக் கலைஞர், நிலப்படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளை ஒட்டியே அறுத்து விற்றார். பிள்ளைகள் அவற்றைச் சேர்த்துச் சேர்த்துப் புவியியல் படித்தார்கள். அன்று அதற்குப் பெயர் 'துண்டித்த நிலப்படம்'. ரம்பத்தின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான். இன்றோ ரம்பத்துக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. வளைத்த எஃகுத் தகடுகள் பதித்த அச்சை அட்டை மேல் அழுத்தித் துண்டுகளை வெட்டி எடுக்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'படப்புதிர்' என்றால் வார இதழ்களில் வரும் 'ஆறு வித்தியாசங்கள்' கூட அதற்குள் வந்துவிடும். 'வெட்டுப்படம்' என்பது தொழிற்சாலையில் நடக்கும் வேலையைச் சொல்கிறது. விளையாடுபவர் எதையும் வெட்டுவதில்லை, பொருத்துகிறார். ஆகவே என் தேர்வு 'பொருத்துபடம்'. ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை. நேற்றுப் பொருத்திய படம், இன்று பொருத்துகிற படம், நாளை பொருத்தும் படம் மூன்றும் அதில் அடங்கும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் 'பொருத்துப்படம்' என்று எழுத வேண்டாம்.

கதீட்ரல் இதைவிடச் சுவையான சொல். கிரேக்கத்தில் 'கதேத்ரா' என்றால் இருக்கை. அது லத்தீனுக்குப் போய், ஆயர் (பிஷப்) அமர்ந்து போதிக்கும் இருக்கையைக் குறித்தது. அந்த இருக்கை உள்ள கோயில்தான் கதீட்ரல். ஆங்கிலத்தின் 'சேர்' என்ற சொல்லும் பழைய பிரெஞ்சு வழியாக அதே வேரிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தின் கான்டர்பரி கதீட்ரலில் இன்றும் புதிய பேராயரை 13-ஆம் நூற்றாண்டுக் கல் இருக்கை ஒன்றில் அமர்த்துகிறார்கள். உயர்ந்த கோபுரமும் வண்ணக் கண்ணாடியும் ஒரு கோயிலைக் கதீட்ரல் ஆக்குவதில்லை. ஆயரின் இருக்கை இருந்தால் சிறிய கோயிலும் கதீட்ரல்தான். அது இல்லையென்றால் எவ்வளவு பெரிய கோயிலும் கதீட்ரல் ஆகாது.

'பேராலயம்' என்ற சொல் தடுமாறுவது இங்கேதான். அது அளவையும் பெருமையையும் சொல்கிறது, இருக்கையைச் சொல்லவில்லை. வேளாங்கண்ணியைப் பேராலயம் என்கிறோம். அது பசிலிக்கா, 1962-இல் போப்பாண்டவர் அளித்த சிறப்பு நிலை. அது அமைந்த மறைமாவட்டத்தின் (ஓர் ஆயரின் ஆட்சிப் பகுதியின்) கதீட்ரல் தஞ்சாவூரில் இருக்கும் திரு இருதயக் கோயில். பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் என்று ஊரார் சொல்லும் தூய திரித்துவ ஆலயத்தையும் பேராலயம் என்றே எழுதுகிறார்கள். அது தென்னிந்தியத் திருச்சபையின் கதீட்ரல். சாந்தோம் பசிலிக்காவாகவும் கதீட்ரலாகவும் இருப்பதால் அங்கே மட்டும் சிக்கல் இல்லை. பேராலயம் பசிலிக்காவுக்கே இருக்கட்டும். கதீட்ரலுக்கு 'ஆயர் தலைமைக் கோயில்' என்பதே பொருந்துகிறது. பெயர் நீளமாக வரும் இடங்களில் 'தலைமைக் கோயில்' போதும்.

வின்செஸ்டரைப் பொருத்துபடமாகப் பார்ப்பதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1079-இல் கட்டத் தொடங்கிய கோயில் அது. 1642-இல், அந்நாட்டின் உள்நாட்டுப் போரின்போது, மன்னரை எதிர்த்த நாடாளுமன்றப் படையினர் அதன் மேற்குப் பெருஞ்சாளரத்தின் வண்ணக் கண்ணாடியை உடைத்து நொறுக்கினார்கள். பெட்டிகளில் இருந்த பழைய அரசர்களின் எலும்புகளையே எடுத்து அதன் மேல் எறிந்தார்கள் என்று சொல்வார்கள். ஊர் மக்கள் சில்லுகளைப் பொறுக்கி வைத்தார்கள். 1660-இல் முடியாட்சி திரும்பிய பிறகு அவற்றைச் சாளரத்தில் மீண்டும் பதித்தார்கள். ஆனால் பழைய படத்தை மீட்க யாரும் முயலவில்லை. கைக்கு வந்த சில்லைக் கிடைத்த இடத்தில் வைத்தார்கள். இன்று அங்கே ஆங்காங்கே ஒரு முகமோ கையோ தெரியும், மற்றதெல்லாம் வெறும் நிறங்கள். அதைச் 'சேர்த்த படம்' என்று சொல்லலாம், 'பொருத்திய படம்' என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு துண்டும் தனக்குரிய இடத்தில் போய் அமர்ந்தால்தான் அது பொருத்துவது.

ஆகவே அந்தப் பெட்டியின் மேல் நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: 'வின்செஸ்டர் தலைமைக் கோயில், 1000 துண்டுப் பொருத்துபடம்.'