லீவு என்றால் என்னவென்று அவனுக்கு எப்படிக் காட்டுவது?

2024 ஏப்ரலில் ஒருநாள், காலை எட்டு மணிகூட ஆகவில்லை, ஓர் அம்மா போன் செய்தார். "மிஸ், நேத்தோட ஸ்கூல் முடிஞ்சிருச்சு. இவன் யூனிஃபார்ம் போட்டு, ஷூ மாட்டிக்கிட்டு வாசல்லயே நிக்கிறான். லீவுடா தங்கம்னு பத்து தடவை சொல்லிட்டேன். கையைக் கடிச்சுக்கிறான்." பையனுக்கு ஏழு வயது. ஆட்டிசம் உள்ளவன், பேச்சு ஓரிரு சொற்கள்தான். பின்னாலிருந்து அப்பத்தாவின் குரல் கேட்டது: "புள்ளைக்கு அடம் ஜாஸ்தியாயிருச்சு."

அடம் என்று தோன்றுவதில் தப்பில்லை. கொஞ்சம் அவன் பக்கம் நின்று பாருங்கள். பத்து மாதமாக குளியல், இட்லி, ஷூ, மஞ்சள் வேன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஷூ வரை வந்துவிட்டது, வேன் வரவில்லை. ஏன் என்பதற்கு அவனுக்குக் கிடைத்த ஒரே பதில் "லீவு". அதைப் பார்க்க முடியாது, தொட முடியாது, எப்போது முடியும் என்றும் தெரியாது. 1943-இல் ஆட்டிசம் உள்ள பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய மருத்துவர் லியோ கேனர், எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும் என்ற இந்தத் தவிப்பை அப்போதே குறித்திருக்கிறார். ஆட்டிசத்தைக் கண்டறிய இன்றைக்குப் பயன்படும் டி.எஸ்.எம். 5 கையேட்டிலும் அது ஓர் அடையாளமாக இருக்கிறது.

அந்த அம்மாவிடம் முதலில் சொன்னது இதுதான்: ஷூவைக் கழற்றச் சொல்லாதீர்கள். ஷூவுக்கு அடுத்து ஏதாவது ஒன்று வரட்டும். தாத்தா அவனைத் தெருமுனைப் பால் பூத்துக்குக் கூட்டிப்போனார். மறுநாளும் போனார். நாலைந்து நாளில் வேன் இருந்த இடத்தில் பால் பூத் உட்கார்ந்துகொண்டது.

விடுமுறைக்குப் பெற்றோர் பலர் பள்ளி டைம்டேபிள் மாதிரியே ஒன்று எழுதி ஒட்டுகிறார்கள். ஒன்பதுக்கு எழுத்து, பத்துக்குப் புதிர் என்று. மூன்றாம் நாள் விருந்தாளி வந்தால் அது குலைந்துபோகும், வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். மணிக்கணக்கு வேண்டாம், வரிசை போதும். எழுவது, சாப்பாடு, குளியல், தூக்கம் ஆகிய நான்கும் ஏறக்குறைய பழைய நேரத்தில் நிற்கட்டும். இடையில் உள்ளவை முன்பின் ஆகலாம், ஆனால் அடுத்தது என்ன என்பது அவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவனுடைய தட்டு, அவனுடைய வாளி, அவனுடைய பாய் என்று போனில் படமெடுத்து, பிரிண்ட் போட்டு, அவன் கண் உயரத்தில் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். முடிந்ததை அவனே எடுத்து டப்பாவில் போடட்டும். படம் காட்டிப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது.

தூக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. கத்திரி வெயிலில் மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, ராத்திரி ஒரு மணிக்கு மொபைலோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ஜூனில் மீட்பது பெரும்பாடு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் வலிப்பு உள்ளவர்களும் உண்டு. காலை எட்டு மணி மாத்திரை, லேட்டாக எழுவதால் பதினொன்றுக்குப் போய்விடக் கூடாது. தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும் வலிப்பைக் கூட்டக்கூடியவை.

சரி, அந்தப் பையனிடம் வருகிறேன். அவர்கள் வீட்டில் மளிகைக் கடை கொடுத்த தினசரி காலண்டர் இருந்தது. தேதித் தாள் ஒவ்வொன்றிலும் சின்ன வீட்டுப் படம் ஒட்டினோம். குளித்ததும் ஒரு தாளைக் கிழிப்பது அவன் வேலை. ஜூன் 6-இல் பள்ளி திறக்கும் என்று மே மாதம் அறிவிப்பு வந்ததும், வேனின் படத்தை அந்தத் தேதித் தாளின் அடியில், கட்டுக்கு வெளியே தெரியும்படி ஒட்டினார் அம்மா. தாள் குறையக் குறைய வேன் கிட்டே வந்தது. அப்புறம், வெயில் கடுமை என்று திறப்பை ஜூன் 10-க்குத் தள்ளிவைத்தார்கள். (அதற்கு முந்தைய வருடம் இரண்டு தடவை தள்ளிப்போனது.) அம்மாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வேன் படத்தை அவன் கையாலேயே பிரித்து 10-இல் ஒட்டவைக்கச் சொன்னேன். இடையில் வந்த நான்கு தாள்களிலும் வீட்டை ஒட்டினான். அழுதான்தான். ஆனால் 6-ஆம் தேதி வாசலில் போய் நிற்கவில்லை.

கோடையில் இன்னொன்று, குலதெய்வம் கோயிலில் மொட்டை. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். தலையில் கை பட்டாலே துடிக்கும் பிள்ளைக்கு ஈரத் தலை, கத்தி, தவில் சத்தம், சுற்றிலும் முப்பது சொந்தக்காரர்கள் என்றால் அது தாங்க முடியாத வாதை. நான்கு பேர் பிடித்து அமுக்கி மொட்டை போட்ட பிறகு, இரண்டு மாதம் சீப்பைக் கண்டாலே அலறிய பெண் குழந்தை ஒன்று என்னிடம் வந்திருக்கிறாள். முடிந்தால் தள்ளிப்போடுங்கள், சாமி காத்திருக்கும். கட்டாயம் என்றால் ஒரு மாதம் முன்பே தலையை நனைத்துப் பழக்குங்கள், அந்த இடத்தின் படத்தைக் காட்டுங்கள், கூட்டமில்லாத நாளில், அப்பா மடியில் முடியுங்கள். ஊருக்குப் போகும்போது அவன் தட்டு, தலையணை, அவன் சாப்பிடும் அந்த ஒரே பிஸ்கட் எல்லாம் பையில் இருக்கட்டும். "எங்க வீட்டுல சோறு இல்லையா" என்று சித்தி வருத்தப்பட்டால், போகும் முன்பே போனில் விளக்கிவிடுங்கள்.

திறப்புக்குப் பத்து நாள் இருக்கும்போதே எழும் நேரத்தைத் தினம் கால் மணியாக முன்னே கொண்டுவாருங்கள். புது வகுப்பறையையும் புது மிஸ்ஸையும் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பள்ளியில் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். புதுச் சீருடை தைத்திருந்தால் அதற்குள் மூன்று நான்கு தடவை துவைத்து, கழுத்துப் பட்டையில் உறுத்தும் லேபிளை நூல் மிச்சமில்லாமல் பிரித்து எடுத்துவிடுங்கள். புது ஷூவை வீட்டுக்குள்ளேயே தினம் அரைமணி போட்டு நடக்கட்டும்.